153ஆவது பிரிவில் இருப்பதும் இல்லாததும்

மலேசியாவில் தேர்தல் வந்தால் அரசியலமைப்பின் 153ஆவது பிரிவும் மேடையேறிவிடும். அதைத் தொட்டால் நாடே போச்சு என்பார் ஒருவர்; எல்லா ஓரவஞ்சனைக்கும் அதுதான் வேர் என்பார் இன்னொருவர். இருவருமே அந்தப் பிரிவை முழுதாகப் படித்ததாகத் தெரியவில்லை.

மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் அரசு வேலை, உபகாரச் சம்பளம், கல்வி, தொழில் உரிமம் ஆகியவற்றில் நியாயமான அளவு இடம் ஒதுக்க அது மாமன்னருக்கு அதிகாரம் தருகிறது. விழுக்காடு எதுவும் அதில் இல்லை. பிற இனத்தாரின் முறையான நலன்களையும் காக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒருவர் ஏற்கெனவே வகிக்கும் அரசுப் பதவியை ஒதுக்கீட்டின் பெயரால் பறிக்கவும் வழியில்லை. வேலையில் சேர்ந்துவிட்ட அரசு ஊழியர்களை இனம் பார்த்து நடத்தக் கூடாது என்பது 136ஆவது பிரிவு. பதவி உயர்வில் வஞ்சிக்கப்பட்டவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் மலாய்க்காரர், பூர்வகுடிகளுக்கு 90 விழுக்காடு, பிறருக்கு 10 என்ற பங்கீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அரசியலமைப்பில் எழுதப்பட்டதல்ல, அரசின் கொள்கை முடிவு. 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆகக் கூட்டியபோதும் பங்கீடு மாறவில்லை. ஆனால் எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அரசு அறிவித்தது. அதற்காக அரசியலமைப்பில் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.

பேசுவதில் ஆபத்தும் உண்டு. 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1970இல் தேச நிந்தனைச் சட்டம் இறுக்கப்பட்டது. குடியுரிமை, மொழி, 153 ஆகிய பிரிவுகளையே கேள்வி கேட்பது குற்றம். அவை நடைமுறைப்படுத்தப்படும் விதத்தை விமர்சிக்கலாம். இந்தக் கத்தி ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. தமிழ், சீனப் பள்ளிகளை மூட வேண்டும், தேவைப்பட்டால் அதற்காக மொழிப் பிரிவையும் திருத்த வேண்டும் என்று 1978இல் மக்களவையில் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங்கை அவை உறுப்பினர் என்ற பாதுகாப்புகூடக் காப்பாற்றவில்லை; நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

பேச்சைத் தவிர வழக்கும் உண்டு: அரசுத் துறையின் முடிவை எதிர்த்து நீதிமன்றச் சீராய்வு கோரலாம். கெடு 3 மாதம்தான். மேல்முறையீட்டுக் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தே அதைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. முடிவு எழுத்தில் இருப்பது நல்லது.

தனியாரிடம் கதை வேறு. அடிப்படை உரிமைகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும் என்று, கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வாடகை விளம்பரம் போடும் வீட்டுக்காரர்மேல் 8ஆவது பிரிவின் சமத்துவம் பாயாதது அதனால்தான். வேலையிடத்தில் மட்டும் 2023 முதல் ஒரு சிறு வழி திறந்திருக்கிறது: பாகுபாடு காட்டும் முதலாளிமேல் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். துறையின் உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் அந்த விதி ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைத்தான் பேசுகிறது. வேலைக்கு மனுப்போட்டு, பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கப்பட்டவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.