காற்றை நம்பிப் போன 2 பெண்கள்! பெங்குவின் தீவுக்கு ஒன்றரை மாத கடல் பயணம்

திருப்பூரில் தைக்கிற பனியன் பெட்டி பெட்டியாகத் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. அது ராட்சத கப்பல். என்ஜினில் ஓடுவது.

என்ஜினை நம்பாமல், பாயில் அடிக்கும் காற்றை மட்டுமே நம்பி 2 பெண்கள் உலகத்தையே சுற்றி வந்தார்கள். ஒருவர் புதுச்சேரிக்காரர். பெயர் ரூபா அழகிரிசாமி. கூடப்போனவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படை லெப்டினன்ட் கமாண்டர்கள்.

படகின் பெயர் "தாரிணி". கோவாவில் கட்டியது. நீளம் 56 அடி. பனியன் போகும் பெரிய கண்டெய்னர் பெட்டியே 40 அடி இருக்கும். அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்!

2024 அக்டோபர் 2-ந்தேதி கோவாவில் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வழியாகப் போனார்கள்.

ஆள் அரவம் இல்லை

2025 ஜனவரி 4-ந்தேதி நியூசிலாந்தை விட்டுக் கிளம்பினார்கள். அதன்பிறகு கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான்.

ஜனவரி 30-ந்தேதி "நீமோ முனை" என்ற இடத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கரை 2,688 கிலோ மீட்டர் தள்ளித்தான். 400 கிலோ மீட்டர் உயரத்தில் விண்வெளி நிலையம் கடந்து போனால், அதில் இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

தென் அமெரிக்காவின் அடிமுனையில் மணிக்கு 75 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. அலை 16 அடிக்கு மேல். கை விறைக்கும் குளிர். அதையும் சமாளித்து, பிப்ரவரி 3-வது வாரம் பாக்லாந்து தீவில் உள்ள போர்ட் ஸ்டான்லிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணிவெடி மேல் பெங்குவின்

பாக்லாந்தில் மொத்த ஜனமே 3,500 பேர் அளவில்தான். செம்மறி ஆடோ பல லட்சம். நம்ம ஊருக்குப் பருத்தி நூல் மாதிரி, அவர்களுக்கு ஆட்டு ரோமம்.

அந்த ஆட்டுக்காக ஒரு ஜீவனே அழிந்தது. நரி போலிருக்கும் "வாரா" என்ற மிருகம் அந்தத் தீவில் மட்டும்தான் இருந்தது. ஆட்டைத் தின்கிறது என்று அடித்தே தீர்த்தார்கள். 1876-க்குப் பிறகு அது இல்லை.

பெங்குவின் கதை வேறு. 1982-ல் இங்கிலாந்துடன் நடந்த சண்டையில் அர்ஜென்டினா ராணுவம் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கண்ணிவெடி புதைத்தது. பயந்துபோய் வேலி போட்டார்கள். மனிதனும் போகவில்லை, ஆடும் போகவில்லை. பெங்குவினுக்கு எடை குறைவு. மிதித்தாலும் வெடி வெடிக்காது. ஜாம் ஜாமென்று குடும்பம் நடத்தின!

2020 நவம்பரில் கடைசி வெடியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மனிதனும் அந்த மணலில் நடக்கலாம்.

ரூபாவும் தில்னாவும் அங்கிருந்து தென் ஆப்பிரிக்கா வழியாக 2025 மே 29-ந்தேதி கோவா திரும்பினார்கள். ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் வரவேற்றார். பயண தூரம் ஏறத்தாழ 47 ஆயிரம் கிலோ மீட்டர்.