காப்பீட்டுப் பத்திரமும் கடல் எல்லையும்

நமது மார்த்தாண்டத்திற்குத் தென்மேற்கே உள்ள தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் சுறாவைத் தேடி இலட்சத்தீவையும் கடந்து செல்லும் வல்லமை உடையவர்கள். அத்தகைய விசைப்படகு மூழ்கினால் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா? படகு எதுவரை செல்லலாம் எனப் பத்திரம் கூறுகிறது என்பதைப் பொறுத்தது அது என்பேன்.

படகு இன்ன எல்லைக்குள் மட்டுமே இயங்கும் என்பது பத்திரத்தில் உறுதிமொழியாக இடம்பெற்றால், 1963-ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி அது அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப்பட வேண்டும். மீறினால், மீறிய நாள் முதல் காப்பீட்டாளரின் பொறுப்பு நீங்குகிறது. எல்லை தாண்டிய படகு திரும்பிவந்து துறைமுக வாயிலில் மூழ்கினாலும், "திரும்பிவிட்டோமே" என வாதாட இயலாது. இங்கிலாந்திலும் இவ்விதியே இருந்தது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்தி, மீறல் நீங்கியபின் பாதுகாப்பு மீளும் என்றாக்கியது. நம் நாட்டில் பழைய விதியே நீடிக்கிறது.

எனினும் நீதிமன்றம் நடைமுறையையும் நோக்குகிறது. மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்குப் புறப்பட்ட சரக்குத் தோணி ஒன்று 2013 ஜூனில் இரத்தினகிரி அருகே தரைதட்டியது. பருவமழைக்கு முன் பயணம் முடிய வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது. குமரி முனையைச் சுற்றிச் செல்லும் அப்பயணத்திற்கு அந்நிபந்தனை ஒவ்வாது எனக் கண்ட உச்ச நீதிமன்றம், 2025 ஏப்ரலில் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 12 ஆண்டுகள்! மீனவக் குடும்பம் அத்தனை காலம் தாங்குமா? ஆகவே, கையெழுத்திடுமுன் எல்லை வாசகத்தைப் படித்துக் காட்டுவதும், அதற்கப்பால் செல்வதாயின் முன்கூட்டியே எழுத்துமூலம் இசைவு பெற்றுக் கூடுதல் பிரிமியம் கட்டச் சொல்வதும் படித்த நம் கடமை எனக் கருதுகிறேன்.