ரப்பர் படகுக்கு ஒட்டுப் போடுவது

கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு ஓட்டையானால் யாரும் பதறுவதில்லை. கண்ணாடியிழைப் பாயை வெட்டி வைத்து, ரெசினில் ஹார்ட்னர் கலந்து பூசி, வெயிலில் இறுகவிட்டால் வேலை முடிந்தது. வெள்ளக் காலத்தில் இந்தப் பக்கம் வரும் ரப்பர் படகிடம் அந்த வைத்தியம் பலிக்காது. ரெசின் காய்ந்தால் கல். படகை மடித்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கல்பாக்கம் நகரியத்தையும் பக்கத்துக் குப்பங்களையும் அடித்துப் போட்டது. அடுத்த ஆண்டே பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது; 2006இல் தேசிய பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் 4ஆவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில்; வெள்ளத்தில் ரப்பர் படகோடு வருவோரில் அவர்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் ஆட்களை ஏற்றி இறக்கிய காற்றடைத்த படகுகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மடித்து லாரியில் போட்டுக்கொண்டு வரலாம், முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பார்வைக்குத்தான் பலூன். பிரெஞ்சு மருத்துவர் அலேன் பொம்பார் 1952இல் இப்படியொரு படகில், தன்னந்தனியாக, அட்லாண்டிக்கையே கடந்தார்.

அவர் போன வழியில் சீமைக்கருவேலம் இல்லை. நம் வெள்ளத்தில் அந்த முள் தண்ணீருக்கடியில் காத்திருக்கிறது. மூழ்கிய மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லும், கம்பிவேலியும், பாலாற்று முகத்துவாரப் பக்கம் போனால் கத்திபோன்ற ஆளி ஓடும் உண்டு.

ஆனாலும் முள் குத்திய மாத்திரத்தில் படகு மூழ்காது. கார் டயருக்கு 30 பவுண்டுக்குமேல் காற்றடிக்கிறோம். ரப்பர் படகுக்கு மூன்று நான்கு பவுண்டே போதும். அழுத்தம் குறைவு என்பதால் கசிவும் மெதுவாகவே இருக்கும். உள்ளே தனித்தனி அறைகள் வேறு. ஒன்று தொய்ந்தாலும் மற்றவை தாங்கும்.

காலையில் படகு தொய்ந்து கிடந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். மதிய வெயிலில் அடித்த காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும். 20 டிகிரி வித்தியாசத்துக்கே ஒரு பவுண்டுக்கு மேல் இறங்கும். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்வதால், விறைப்பாகக் காற்றடித்த படகை மணலில் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைத் தடவுங்கள். முதலில் வால்வில், பிறகு தையலில், கடைசியாகத் துணியில். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள்.

இனிமேல்தான் விஷயம். சைக்கிள் கடையில் டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, துண்டை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். படகின் தோல் சைக்கிள் டியூப் இல்லை. அது பிவிசியாக இருக்கலாம், அல்லது ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பராக இருக்கலாம். டூபாண்ட் நிறுவனம் 2010இல் ஹைப்பலான் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், அதே வகை ரப்பரை வேறு ஆலைகள் செய்கின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பிவிசிக்குப் பாலியுரேத்தேன் பசை, ஹைப்பலானுக்கு நியோப்ரீன் பசை. இரண்டிலுமே கெட்டியாக்கும் திரவத்தைக் கலக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டு அன்றைக்குப் பிடித்ததுபோல் இருந்து, நடுத்தண்ணீரில் உரிந்து வரும். எது எந்தத் தோல் என்று தெரியாவிட்டால் மறைவான மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மங்கலாகித் தூள் உதிர்ந்தால் பெரும்பாலும் ஹைப்பலான்.

ஒட்டுத் துண்டு துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது தாண்டி நிற்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் கிளம்பும். காற்றை இறக்கி, உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைத்து, ஹைப்பலானாக இருந்தால் சொரசொரப்பாக்கி, துண்டிலும் படகிலும் பசையை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு. விரலில் ஒட்டாத பதம் வந்ததும் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள். பிறகு ஒரு முழுநாள் தொடக் கூடாது.

நம் கரையில் இதற்குப் பெரிய எதிரி ஈரக்காற்று. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. வாடைக்கால ஈரம் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிபோல் படிகிறது. அந்தப் படலத்தின்மேல் எந்தப் பசையும் நிற்காது. படகு தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகைதான் ஒட்டுப் போட மிக மோசமான காலம் என்பது இந்தக் கடற்கரையின் கஷ்டம். அவசரத்துக்கு, துளையின் உள்ளும் புறமும் இரண்டு தகடுகளை வைத்துத் திருகால் இறுக்கும் அடைப்பான் கிடைக்கிறது. அதை வைத்துக் கரை சேரலாம், அவ்வளவுதான்.

ஆகவே படகு வைத்திருக்கும் ஊராட்சிகளும் விடுதிகளும் புரட்டாசிக்கு முன்பே அதை விரித்து, காற்றடித்து, ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பசைக் குப்பியின் காலாவதி தேதியையும் பாருங்கள். திறந்து வைத்த பழைய பசை உதவாது. துளை தையலை ஒட்டி இருந்தாலோ, கிழிசல் விரல் நீளத்தைத் தாண்டினாலோ நீங்கள் கை வைக்காமல் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.