வளையம் இல்லாத ஜன்னல்

நிக்கான் எஃப்.எம்.2 என்ற ஃபிலிம் கேமரா 1982-ல் வந்தது. அதன் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் காட்சிக்கு மேலே, நடுவில், ஒரு குட்டி எண் தெரியும். 5.6 என்றோ 8 என்றோ இருக்கும். அந்த எண்ணைக் காட்டுவதற்கு மின்சாரம் எதுவும் வேண்டியதில்லை. லென்ஸைச் சுற்றியிருக்கும் அப்பெர்ச்சர் வளையத்தில், பெரிய எண்களுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இன்னொரு வரிசை அச்சிட்டிருப்பார்கள். கேமராவின் நெற்றியில், 'நிக்கான்' என்ற பெயருக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் வழியாக நம் கண் அந்தப் பொடி எண்ணை நேராகவே படித்துவிடும். வளையத்தைத் திருப்பினால் எண்ணும் நகரும்.

2021-ல் அதே குடும்பத்து முகத்தோடு நிக்கான் ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்தது. பெயர் இசட்.எஃப்.சி. அதன் மேல்தட்டிலும் விரல் நகம் அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதிலும் அப்பெர்ச்சர் எண்தான் தெரிகிறது, ஆனால் எல்.சி.டி. எழுத்தில். கூடவே விற்ற லென்ஸில் எண் போட்ட வளையம் கிடையாது. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்த ஜன்னல். 2023-ல் வந்த பெரிய அண்ணன் இசட்.எஃப். கேமராவிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

பழைய பாணியில் செய்யப்படும் டிஜிட்டல் கேமராவுக்குப் பழைய பாணி லென்ஸும் வேண்டுமா என்று புகைப்படக்காரர்கள் வருடக்கணக்காக விவாதிக்கிறார்கள். அதற்கான விடை இந்த இரண்டு ஜன்னல்களுக்கும் இடையில் இருக்கிறது. வெள்ளி நிறப் பட்டையும் தோல் போன்ற சொரசொரப்பும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை. இடது கை விரல்களுக்கு ஒரு வேலை வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும்.

இசட்.எஃப். கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். ஐ.எஸ்.ஓ.வுக்கு ஒரு டயல், ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், எக்ஸ்போஷர் திருத்தத்துக்கு ஒரு டயல். மூன்றும் பித்தளை. திருப்பும்போது விரலில் ஏறும் அந்தக் கடினமே ஒரு சுகம். கேமராவை ஆன் செய்யாமலேயே, குனிந்து ஒரு பார்வை பார்த்தால் எந்த அமைப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ரெட்ரோ கேமராவின் உண்மையான பெருமை இதுதான். ஆனால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிற முக்காலிக்கு மூன்று கால்கள்: ஐ.எஸ்.ஓ., ஷட்டர் வேகம், அப்பெர்ச்சர். முதல் இரண்டையும் பித்தளையில் கடைந்துவிட்டு, மூன்றாவதை மட்டும் மற்ற எல்லா கேமராக்களிலும் இருப்பது போன்ற ஒரு சக்கரத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

வளையம் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. 1987-ல் கேனன் தன் இ.ஓ.எஸ். வரிசையைத் தொடங்கியபோது லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே எல்லாத் தொடர்பையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அந்த இ.எஃப். லென்ஸ்களில் அப்பெர்ச்சர் வளையமே கிடையாது. நிக்கான் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. தானியங்கி முறைகள் வந்த பிறகு, நிக்கான்காரர்கள் வளையத்தை மிகச் சிறிய அப்பெர்ச்சரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படம் எடுத்தார்கள். பூட்டு கழன்றால் கேமரா 'எஃப்.இ.இ.' என்று கண் சிமிட்டி ஷட்டரை அடிக்க மறுக்கும். பூட்டியே வைக்கும் பொருள் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 2000 வாக்கில் வளையமில்லாத 'ஜி' வகை லென்ஸ்கள் வந்தன.

அதனால் 2013-ல் நிக்கான் தன் முதல் ரெட்ரோ டிஜிட்டல் எஸ்.எல்.ஆரான டி.எஃப். கேமராவை வெளியிட்டபோது ஒரு சங்கடம் காத்திருந்தது. பாடி முழுக்க டயல்கள்; உள்ளே அன்றைய உச்சக் கேமராவான டி4-ன் 16 மெகாபிக்சல் சென்சார். கூடவே கொடுத்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸோ 'ஜி' வகை. அதற்கு ஒரு வெள்ளி வளையம் பூட்டி, பழைய நிக்கோர் (நிக்கானின் லென்ஸ் பெயர்) போலத் தோல் சொரசொரப்பும் கொடுத்து, 'சிறப்புப் பதிப்பு' என்று பெயர் வைத்தார்கள். திருப்ப வேண்டிய இடத்தில் அலங்காரம் மட்டும் இருந்தது.

ஆனாலும் டி.எஃப். ஒரு பெரிய காரியம் செய்தது. லென்ஸ் மாட்டும் வாயின் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதை மடக்கிவிட்டால் 1977-க்கு முந்தைய நிக்கோர் லென்ஸ்களையும் மாட்டலாம். 1959-ல் நிக்கான் எஃப் கேமராவுக்காகச் செய்த கண்ணாடி, 54 ஆண்டு கழித்து வந்த டிஜிட்டல் பாடியில் அடாப்டர் இல்லாமல் உட்கார்ந்தது. ஃபோகஸ் பார்க்கத்தான் உதவி போதவில்லை. எஃப்.எம்.2-வில் இருந்ததைப் போல, பிளந்த உருவத்தை ஒட்டவைத்துப் பார்க்கும் திரை டி.எஃப்-ல் இல்லை, திரையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பழைய லென்ஸை வரவேற்ற வீட்டில் அது உட்கார நாற்காலி போடவில்லை.

இரண்டு 28 மி.மீ. லென்ஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று 1981-ல் வந்த ஏ.ஐ.-எஸ். நிக்கோர் எஃப்/2.8. மற்றொன்று இசட்.எஃப்.சி.யோடு அறிமுகமான இசட் 28 மி.மீ. எஃப்/2.8 எஸ்.இ. (சிறப்புப் பதிப்பு). தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள். அதே கருப்பு, அதே வெள்ளிப் பட்டை, ஃபோகஸ் வளையத்தில் அதே மாதிரி வெட்டுக் கட்டங்கள்.

கிட்டே போனால் கதை வேறு. பழைய லென்ஸின் அப்பெர்ச்சர் எண் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. அதற்கு மேலே தூரத்தைக் காட்டும் மீட்டர், அடிக் கோடுகள். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய நிறக் கோடுகள், அப்பெர்ச்சர் எண்ணின் அதே நிறத்தில். எஃப்/8 வைத்திருக்கிறீர்களா? அந்த நிறத்துக் கோடுகள் இரண்டையும் தேடுங்கள். அவற்றுக்கு நடுவில் வரும் தூரம் எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸை ஏறக்குறைய மூன்றேகால் மீட்டரில் நிறுத்தினால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை கூர்மை. தெருவில் நடந்தபடி படம் எடுப்பவர் இதை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கேமராவைத் தூக்கி ஷட்டரை அமுக்கினால் போதும்.

புதிய எஸ்.இ. லென்ஸின் உடம்பில் தூரக் கோடு ஒன்றுகூட இல்லை. இருப்பது ஒரே ஒரு வளையம், அது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை ஃபோகஸுக்கு வைக்கலாம். மெனுவுக்குள் போய் அப்பெர்ச்சருக்கும் மாற்றலாம். மாற்றினாலும் 'டக்' என்ற ஓசை வராது, எண் தெரியாது, எங்கே தொடக்கம் எங்கே முடிவு என்று விரலுக்குத் தட்டுப்படாது. உள்ளே இருக்கும் கண்ணாடி நல்ல கண்ணாடி. சாதாரணப் பதிப்பில் இருப்பதும் அதே கண்ணாடிதான். எடை குறைவு, ஆட்டோஃபோகஸ் வேகம். குறை சொல்ல வேண்டியது அதன் உடையை மட்டுமே: அந்த உடை ஒரு கருவியை நினைவூட்டிவிட்டு அந்தக் கருவியைத் தராமல் போகிறது.

ஃபூஜிஃபிலிம் இதை முதல் நாளிலேயே புரிந்துகொண்டது. 2010-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் எக்ஸ்100 கேமராவைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதில் கழற்ற முடியாத 23 மி.மீ. எஃப்/2 லென்ஸ், அதன்மேல் எண் பொறித்த வளையம். 2012-ல் லென்ஸ் மாற்றக்கூடிய எக்ஸ்-ப்ரோ1 வந்தபோது அதனுடன் வந்த 18, 35, 60 மி.மீ. லென்ஸ்கள் மூன்றிலும் வளையம் இருந்தது.

ஃபூஜி ஏற்பாட்டின் அழகு 'ஏ' என்ற எழுத்தில்தான். ஷட்டர் டயலிலும் ஒரு 'ஏ', லென்ஸ் வளையத்திலும் ஒரு 'ஏ'. இரண்டையும் 'ஏ'-வில் வைத்தால் கேமராவே எல்லாம் பார்த்துக்கொள்ளும். லென்ஸை மட்டும் நகர்த்தினால் அப்பெர்ச்சர் உங்கள் கையில், வேகம் கேமராவின் கையில். இரண்டையும் நகர்த்தினால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. பி, எஸ், ஏ, எம் என்று தனியாக ஒரு மோட் டயலே தேவைப்படவில்லை. பாடியும் லென்ஸும் ஒன்றின் வாக்கியத்தை மற்றொன்று முடித்து வைக்கின்றன. இந்த வளையமும் உள்ளுக்குள் மின்சாரம்தான், பழைய இரும்பு நெம்புகோல் இல்லை. அது யாருக்கும் உறுத்தவில்லை. விரலுக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அது போதும். 18-55 மி.மீ. போன்ற ஜூம்களில் அப்பெர்ச்சர் எல்லை ஜூமுக்கு ஏற்ப மாறுவதால் எண் பொறிக்க முடியவில்லை. அங்கே எண்ணில்லாத வளையம் வந்தது. அந்த இடத்தில் ஃபூஜியின் ஏற்பாடும் கொஞ்சம் தளர்கிறது.

சரி, படத்துக்கு இதெல்லாம் தெரியுமா?

வளையம் இருந்ததா என்பது படத்தில் தெரியாது. எந்தக் கண்ணாடி என்பது தெரியும். பழைய லென்ஸ்களில் பூச்சு எளிமையானது. சூரியனுக்கு எதிரே நின்றால் ஒளி உள்ளே சிதறி நிழல்களை வெளுக்கவைக்கும். ஓரங்கள் மையத்தைப் போலக் கூர்மையாக இருக்காது. பொறியாளர்கள் பல பத்தாண்டுகள் போராடி ஒழித்த இந்தக் குறைகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று ஏராளம். ஜப்பானின் கோசினா நிறுவனம் ஃபோக்ட்லேண்டர் என்ற பழைய ஐரோப்பியப் பெயரில் லென்ஸ் செய்கிறது. அதன் 40 மி.மீ. எஃப்/1.4 நோக்டன் கிளாசிக் லென்ஸை இரண்டு விதமாக விற்றது: ஒன்று நவீனப் பல அடுக்குப் பூச்சு, மற்றொன்று வேண்டுமென்றே ஒற்றைப் பூச்சு. லைகா இன்னும் ஒரு படி போய், 1935-ல் வந்த தம்பார் என்ற 90 மி.மீ. முகப்பட லென்ஸை 2017-ல் மறுபடியும் செய்தது. தோலின் சுருக்கங்களை மென்மையாக்கிக் காட்டுவதற்கென்றே பிறந்த லென்ஸ் அது.

ஆனால் பழைய கண்ணாடிக்கு டிஜிட்டல் சென்சார் அவ்வளவு இணக்கமான இடமில்லை. ஃபிலிம் மெல்லிய தாள். சாய்வாக வரும் ஒளியையும் வாங்கிக்கொள்ளும். சென்சார் மீது கண்ணாடித் தகடு இருக்கிறது. பழைய அகலக்கோண லென்ஸிலிருந்து ஓரங்களில் சரிந்து விழும் ஒளி அதில் பட்டு மங்கும். இதற்காக லைகா 2006-ல் எம்8 கேமராவில் அந்தத் தகட்டை அரை மில்லிமீட்டருக்கு மெலிதாக்கியது. ஓரங்கள் பிழைத்தன. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கத்தான் அந்தத் தகட்டுக்குப் பலம் போதவில்லை. கருப்பு செயற்கை இழைத் துணிகள் படத்தில் ஊதாவாக விழுந்தன. கடைசியில் எம்8 வாங்கியவர்களுக்கு லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ள இரண்டு ஃபில்டர்களை லைகா இலவசமாகக் கொடுத்தது. பழைய லென்ஸை மதித்ததற்கு அந்த நிறுவனம் கொடுத்த விலை அது. அந்த மதிப்பினால்தான் 1954-ன் எம்3 கேமராவுக்குச் செய்த லென்ஸ் இன்றைய எம் கேமராவிலும் நேராகப் பொருந்துகிறது.

பிரதிபலிக்கும் ஆடி இல்லாத நிக்கான் மிரர்லெஸ் பாடியில் அந்தப் பொருத்தம் கிடைப்பதில்லை. நிக்கானின் பழைய எஃப் வாய்க்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். இன்றைய இசட் வாய்க்கோ வெறும் 16 மி.மீ. மீதமுள்ள 30.5 மி.மீ.யை அடாப்டர் என்ற வெற்றுக் குழாய்தான் நிரப்ப வேண்டும். எஃப்.எம்.2-வில் கச்சிதமாக அமர்ந்திருந்த அதே 50 மி.மீ. லென்ஸ், இசட்.எஃப்-ல் மூக்கு நீண்டு நிற்கிறது. எடையும் முன்னால் சாய்கிறது. அசல் பழைய லென்ஸை மாட்டியதால்தான் பழைய தோற்றம் கெடுகிறது என்பதை வாங்கிய பிறகே பலர் கண்டுகொள்கிறார்கள்.

இதற்கு இப்போது இருப்பதில் நல்ல தீர்வு ஃபோக்ட்லேண்டரின் இசட் வாய் லென்ஸ்கள். அடாப்டர் தேவையில்லை. உலோக உடல், 'டக் டக்' என்று நகரும் அப்பெர்ச்சர் வளையம், உண்மையான தூரக் கோடுகள், எண்ணெயில் வழுக்குவது போன்ற கையால் திருப்பும் ஃபோகஸ். பின்புறம் மின் தொடர்புப் புள்ளிகளும் உண்டு. இசட்.எஃப். இந்த லென்ஸோடு சேரும்போது அருமையாக ஒன்று நடக்கிறது: ஃபோகஸைத் திருப்புவது நீங்கள், ஆனால் எதிரே இருப்பவரின் கண் எங்கே என்று கண்டுபிடித்துக் கட்டம் போடுவது கேமரா. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வளையத்தை மயிரிழை நகர்த்தினால் இமை முடி நிற்கும். டி.எஃப்-ல் போடாத நாற்காலி, பத்து ஆண்டு கழித்து வந்துவிட்டது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நொடிக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. அங்கே நிற்பவருக்கு ஆட்டோஃபோகஸ் ஜூம்தான் தெய்வம், அது எந்த நிறத்தில் இருந்தால் என்ன. இசட்.எஃப். பாடியில் 24-120 மி.மீ. ஜூமை மாட்டி வேலை பார்ப்பவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. ஓடும் குழந்தையைப் படம் எடுக்கும் தாய்க்கு தூரக் கோடு எதற்கு? ஆனால் டயலுக்காகவே அந்த கேமராவை வாங்கியவர், ஒரே ஒரு லென்ஸாவது வளையத்தோடு வைத்துக்கொள்ளாவிட்டால் கொடுத்த பணத்தில் பாதியைப் பயன்படுத்தவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. நிக்கானும், எஸ்.இ. பட்டையை வடிவமைக்கும் உழைப்பில் கொஞ்சத்தை எடுத்து, தன் 40 மி.மீ. எஃப்/2-வில் எண் போட்ட வளையம் ஒன்றை வைத்துத் தர வேண்டும். எத்தனையோ சீன நிறுவனங்கள் மலிவு விலை லென்ஸில் அதைச் செய்துகொண்டிருக்கின்றன.

அதுவரை பழைய லென்ஸ் தேடிப் போகிறவர்கள், குறிப்பாகச் சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள், கையில் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போவது நல்லது. நம் ஈரக் காற்றில் பீரோவுக்குள் பல வருடம் கிடந்த லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பது சர்வசாதாரணம். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வரலாம். பிறகு வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் 'டக்' என்று நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் இலைகளில் எண்ணெய்ப் பசை மினுங்கக் கூடாது. பின்புற நெம்புகோலைத் தள்ளிவிட்டு விட்டால் இலைகள் தயங்காமல் சட்டென்று மூட வேண்டும்.