வராத மின்சாரத்தின் விலை

நம் இல்லத்து மின் அட்டையில் பதிவாவது நாம் நுகர்ந்த யூனிட்டுகளின் கணக்கே. வராமற்போன மின்சாரத்திற்கு அதில் இடமில்லை. அதற்கும் ஒரு விலையுண்டு. அதனை எங்ஙனம் கணிப்பது என்பது பொருளியலாரின் வினா.

தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறையை எண்ணிப் பார்ப்போம். 2012இல் அது உச்சத்தை எட்டியது. சென்னையில் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வெட்டு. வெளிமாவட்ட ஊர்கள் பலவற்றிலோ 10 மணி நேரத்திற்கும் மேல். அந்நாளில் வசதியுற்றோர் இன்வர்ட்டர் வாங்கினர். அவர்கள் செலவிட்ட தொகையே அவர்தம் மதிப்பீட்டைக் காட்டிவிடுகின்றது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முழுமையாகத் தேக்குவது 1.8 யூனிட், கைக்குக் கிட்டுவது ஏறத்தாழ 1.5 யூனிட். கருவியும் பேட்டரியும் ரூ.24,000 எனவும், 4 ஆண்டுகள் உழைக்கும் எனவும் கொள்வோம். மாதச் செலவு ரூ.500. நாள்தோறும் பயன்படுத்தினும் மாதத்திற்கு 45 யூனிட்டே; யூனிட் ஒன்றுக்கு ரூ.11க்கு மேலாகின்றது. மின்னேற்றும் செலவு தனி. அன்றைய வீட்டுக் கட்டணத்தின் உச்சப் படியையும் இது விஞ்சியது. இரண்டு மின்விசிறிக்கும் சில விளக்குகளுக்கும் இவ்வளவு கொடுக்க மக்கள் முன்வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

மற்றொரு வழி, மக்களையே வினவுவது: “தடையின்றி வழங்கினால் எவ்வளவு கூடுதலாகத் தருவீர்?” இதற்கு விடை பெறுதல் எளிதன்று. கட்டணம் உயருமென அஞ்சுவோர் குறைத்துச் சொல்வர். “தரவேண்டியதைத் தருவதற்குக் கூடுதல் பணமா?” எனச் சினப்போர் சுழியம் என்பர். அச்சினம் நியாயமானதே, எனினும் அச்சுழியத்தை, மின்சாரத்தின்பால் அவர்க்கு மதிப்பில்லை எனப் பொருள்கொள்வது பெரும்பிழை.

வெட்டின் நீளத்தினும் அதன் நிச்சயமின்மை கொடிது. நேரம் முன்னரே தெரிந்தால், இல்லத்தரசியர் விடியலிலேயே மாவரைத்து, மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிக்கொள்வர். சொல்லாமல் நிற்கும் அரைமணி நேரமோ, ஊறிய அரிசியைக் கிரைண்டரிலேயே புளிக்கவைக்கும். என் வீட்டில் அவ்வாண்டு ஆட்டுக்கல் மீண்டும் உயிர்பெற்றது!

செலவைக் கொண்டு மதிப்பை அளக்கும் முறையில் ஒரு பெருங்குறை உண்டு. இன்வர்ட்டர் வாங்க இயலாதவர் இல்லத்தில் செலவுக் கணக்கே எழுவதில்லை. மெழுகுவர்த்திக்குச் சில ரூபாய், அவ்வளவே. தேர்வு நாளில் அவ்வொளியில் படித்த மாணவனின் இழப்பு ஏட்டில் ஏறாது. செல்வர் இழப்பு பெரிதாகவும் வறியோர் இழப்பு சிறிதாகவும் தோன்றுவது இதனால்தான். இக்கணக்கை அப்படியே நம்பி எப்பகுதிக்கு எத்துணை வெட்டு எனத் தீர்மானித்தால், இருள் மீண்டும் குடிசைப் பகுதிகளுக்கே போய்ச் சேரும்.

2020 டிசம்பரில் நடுவணரசு அறிவித்த மின் நுகர்வோர் உரிமை விதிகள், 24 மணி நேர வழங்கலைப் பொதுவிதியாக்கி, குறிப்பிட்ட சேவைத் தரம் தவறின் இழப்பீடு தரவும் வழிசெய்கின்றன. அவ்விழப்பீட்டின் அளவை மாநில ஒழுங்குமுறை ஆணையமே வரையறுக்கும். வராத மின்சாரத்தின் விலை என்ன என்னும் வினா அங்கே மீண்டும் எழும்.