வீட்டிலேயே குணமாகும் காசநோய்: சென்னை ஆய்வின் வரலாறு

காசநோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் பிடித்தன. அதுவரை மருத்துவர்கள் நம்பியிருந்தவை தூய காற்று, நீண்ட ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுதான். இவற்றை ஒரே இடத்தில் தருவதற்காக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் தோன்றிய சானடோரியம் என்னும் உறைவிட மருத்துவமனை, பிறகு உலகெங்கும் பரவியது. நோயாளிகள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் அங்கே படுத்துக் கிடந்தார்கள். நுரையீரலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக அதைச் சுற்றிலும் காற்றைச் செலுத்திச் சுருங்க வைக்கும் முறையும் வழக்கில் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்த மரபைத் தொடங்கி வைத்தவர்களுள் டேவிட் சவரிமுத்து முக்கியமானவர். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தி வந்த அவரிடம், காசநோய் என்று கருதப்பட்ட காலத்தில் கணித மேதை ராமானுஜனும் சிகிச்சை பெற்றார். சவரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் சானடோரியம் என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

மருந்துகள் 1940களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் ஸ்ட்ரெப்டோமைசின், அடுத்து பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியசிட். ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி சில மாதங்களில் அதற்கு அடங்காததாக மாறிவிடுகிறது, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. பணக்கார நாடுகளில் இந்த மருந்துகளைச் சானடோரியப் படுக்கையில் வைத்தே கொடுத்தார்கள். இந்தியாவில் அதற்கு வழியில்லை. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ மிகக் குறைவாகவே இருந்தன. படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து இறந்தவர்கள் ஏராளம். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வி அந்த நெருக்கடியிலிருந்தே பிறந்தது.

அதற்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை இதில் கைகோத்தன. முதல் இயக்குநர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ்.

ஆய்வில் சேர்க்கப்பட்ட 193 பேரும் சென்னை நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சளியில் கிருமி இருப்பது அனைவருக்கும் உறுதி செய்யப்பட்டிருந்தது. யாரை வீட்டில் வைப்பது, யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நலமாக இருப்பவர்களையே மருத்துவர் தம்மையறியாமல் ஒரு பக்கம் சேர்த்துவிட்டால் முடிவு பயனற்றுப் போகும் அல்லவா? இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் ஓராண்டு கொடுக்கப்பட்டன.

இரு பிரிவினரின் வாழ்க்கையும் முற்றிலும் வேறு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் காற்றோட்டமான கூடம், ஓய்வு, நல்ல உணவு எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான சிறு வீடுகளில் அரைகுறை உணவோடு வாழ்ந்தார்கள். பலர் உழைத்தே சாப்பிட வேண்டியிருந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினரும் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினரும் சளியில் கிருமி நீங்கிய நிலையை எட்டியிருந்தார்கள். உடல் எடை கூடியதில் சானடோரியத்தினர் முந்தியிருந்தாலும், நோய் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை. நூறாண்டுகளாகப் போற்றப்பட்ட ஓய்வும் காற்றும், சரியான மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை, இன்றியமையாதவை அல்ல என்பது தெளிவாயிற்று. 1959இல் முடிவுகள் வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது நியாயமே.

இன்னொரு அச்சம் இருந்தது. நோயாளியை வீட்டில் வைத்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா? இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நிகழ்ந்து விடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது வேகமாகக் குறைகிறது. வீட்டில் பாயையும் தட்டையும் பிரித்து வைத்து ஒதுக்கும் பழக்கத்துக்கு மருத்துவ நியாயம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த வெற்றியில் செவிலியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உள்ள பங்கு போதுமான அளவு பேசப்படுவதில்லை. பி.ஏ.எஸ். அளவில் பெரியது, வயிற்றைப் புரட்டும் மருந்து. காய்ச்சலும் இருமலும் நின்றுவிட்டால் அதை விழுங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பாதியில் விட்டால் நோய் திரும்பும். ஆகவே களப்பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றார்கள். எஞ்சிய மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உண்ணப்பட்டதா என்று பார்த்தார்கள். வராதவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தார்கள்.

அப்படியும் சிலர் மருந்தைத் தவிர்த்தார்கள். எனவே அடுத்த கட்டமாக, பணியாளர் கண்முன்னே மருந்து கொடுப்பது சோதிக்கப்பட்டது. தினமும் மையத்துக்கு வருவது கூலித் தொழிலாளிக்கு இயலாதது என்பதால், வாரம் இரண்டு முறை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் வீட்டில் தாமே உண்பதற்கு அது எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்று 1964இல் வெளியான முடிவு காட்டியது.

இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் 1962இல் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டு உருவானது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன, அல்லது வேறு பணிக்கு மாறின. பின்னர் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து வந்து சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகச் சுருக்கியது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் முன்வைத்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையான டாட்ஸ் திட்டத்துக்குச் சேத்துப்பட்டில் நடந்த சோதனைகளே முன்னோடி. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. தாம்பரத்தின் பழைய சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக மாறியிருக்கிறது.