மாலை வகுப்பும் மேற்படிப்பும்

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் இன்டர்மீடியட் படிப்பிற்குச் செல்கின்றனர்; பதினாறு வயதிலேயே துறையைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். ரேணிகுண்டாவில் குடியேறிய நம்மவர் இதனோடு மற்றொன்றையும் அறிதல் நலம். 1974ஆம் ஆண்டின் ஆணைப்படி, மாநிலத் தொழிற்கல்லூரிகளில் நூற்றுக்கு 85 இடங்கள் உள்ளூர் மாணவருக்கு உரியவை. பொதுவாக, நான்காண்டுகள் தொடர்ந்து அவ்வட்டாரத்திலேயே பயின்றோரே உள்ளூரார் ஆவர். இடையில் பிள்ளையைச் சென்னைக்கு மாற்றுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய செய்திகளைப் பாடநூல் கூறாது. மாலை வகுப்பு கூறலாம். அமெரிக்காவில் 1965இல் தோன்றிய 'அப்வர்டு பவுண்டு' திட்டம் எளிய குடும்பத்து மாணவருக்குப் பாடங்களோடு, கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் உதவித்தொகை தேடவும் வழிகாட்டுகிறது. நமக்கு அத்துணைப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்குப் பயிலும் நம் வீட்டு மூத்த பிள்ளைகள் வாரம் இரு மாலை இளையோருக்குச் சொல்லித் தரட்டும். தலைமைப் பண்பிற்குத் தனிப்பாடம் எதற்கு?